எதுவும் போகாதுக்கா

ஜோகுபாளையத்தில் தனக்கோடியின் குரல் தெரியாதவர்கள் கிடையாது. பகலில் அவளுக்கு தொம்லூர் பக்கம் ஓர் அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அம்பேத்கர் ஜெயந்தி வந்தால் மேடையில் முதல் பாட்டு அவளுடையது. மைக் செத்துப்போனாலும் ஓல்டு மெட்ராஸ் ரோடு வரைக்கும் கேட்கும் என்பார்கள்.

அந்த மேடைகளில் கீபோர்டு வாசித்த ராகேஷ், ஈஜிபுராவில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, சுவர் முழுக்க ஸ்பாஞ்ச் ஒட்டி, ரெக்கார்டிங் ஸ்டூடியோ ஆக்கினான். பெண் குரல் வேண்டுமென்றால் தனக்கோடியைத்தான் கூப்பிடுவான். கம்ப்யூட்டரில் பாட்டுப் பதிகிற சாஃப்ட்வேர் அப்போதெல்லாம் பெரிய சீக்காளி. சரணம் உச்சத்துக்கு ஏறுகிற நேரம் பார்த்துத் திரை வெளுத்துவிடும். பாடியது பாடினதோடு போச்சு. அதனால் ராகேஷ் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்வான்: "அக்கா, ஒரே தம்ல பாடிடு. இது எப்ப விழும்னு எனக்கே தெரியாது."

அவளும் உயிரைக் கொடுத்துப் பாடுவாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். முடிந்ததும், "சாகு அக்கா, போதும். இதான் பாட்டு" என்று கன்னடம் கலந்து சொல்வான். கீழே இறங்கி டீ குடித்துவிட்டு அவள் பஸ் ஏறிவிடுவாள்.

பிறகு ஒரு நாள் சாஃப்ட்வேருக்கு அப்டேட் வந்தது. ராகேஷ் போனைத் திறந்து வாசித்துக் காட்டினான். குழந்தை பிறந்த செய்தி மாதிரி அவன் முகம் இருந்தது. "ஸ்டெபிலிட்டி சரி பண்ணிட்டாங்கக்கா! இனிமே விழாது. நீ என்ன பாடினாலும் அப்படியே இருக்கும். எதுவும் போகாதுக்கா."

உண்மைதான், அது விழவில்லை. அன்றிலிருந்து பாட்டும் முடியவில்லை.

அந்த வருஷ ஜெயந்திக்கு, 'எழுந்து வா' என்று தொடங்கும் ஒரு பாட்டைத் தனக்கோடியே கட்டியிருந்தாள். அவள் பாடப் பாட, "இன்னொரு டேக்", "சேஃப்டிக்கு ஒண்ணு" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கண்ணை மூடுவதை விட்டிருந்தான். திரையில் ஓடுகிற ஒலிக்கோடுகளையே பார்த்தான். தொண்டை கட்டி, கடைசியில் அவள் குரலில் வெறும் எரிச்சல்தான் இருந்தது. அதையும் சேமித்துவைத்தான்.

மறுவாரம், எல்லாவற்றிலிருந்தும் வெட்டி ஒட்டிய பாட்டைப் போட்டுக் காட்டினான். ஒரு பிசிறு இல்லை. 'எழுந்து' காலையில் பாடியது, 'வா' தொண்டை கட்டின பிறகு பாடியது. நடுவில் அவள் மூச்சு வாங்கிய இடத்தைக் காணோம்.

"எப்பிடிக்கா?"

அலுவலகப் பேன்ட்ரியில் கப் கப்பாக மிச்சம் விட்ட காபியைத் தனக்கோடி தினமும் ஒரே பக்கெட்டில் கவிழ்ப்பாள். அந்தக் கலங்கல் ஞாபகம் வந்தது. "நான் இதைப் பாடவே இல்லியே ராகேஷு" என்றாள். அவன் சிரித்தான். ஜெயந்திக்கு நாள் நெருங்கிவிட்டதால் அவளும் அதற்குமேல் பேசவில்லை.

ஊர்வலத்தில் லாரி ஸ்பீக்கரில் அந்தப் பாட்டுதான் ஓடியது. எல்லாரும் பாராட்டினார்கள். அவள் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தாள்.

மழைக்காலம் தொடங்கியபின் ஒரு சாயங்காலம் தொம்லூர் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தாள். பக்கத்தில் ஒருத்தர் போனில் விளம்பரம் ஓடியது. 'எழுந்து வா, எழுந்து வா' என்று அவள் குரல் கூப்பிட்டது. அதன்மேல் ஓர் ஆண் குரல், ஒயிட்ஃபீல்டுக்கு அந்தப் பக்கம் எழும்பும் அபார்ட்மென்ட், நீச்சல் குளம், கிளப் ஹவுஸ் என்று அடுக்கியது. மாலை போட்ட அம்பேத்கர் படத்துக்கு முன்னால் நின்று பாடுவதற்கென்று கட்டிய சொல். தனக்கோடி பிளாட்ஃபாரத்து ஓரமாகப் போய்க் காறித் துப்பினாள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு ஈஜிபுராவுக்கு ஆட்டோ பிடித்தாள்.

ராகேஷ் பதறவில்லை. "வேஸ்ட்டா கெடந்த டேக்குதானேக்கா, ஜெயந்திப் பாட்டுல அது இல்லவே இல்ல. விளம்பரத்துக்கு அர்ஜென்ட்டா கேட்டாங்க. உன்ன எதுக்கு சும்னே அலைய விடணும்னுதான்…"

"நான் துப்பினதை எடுத்து விப்பியா நீ?"

"அக்கா, ஏன் இப்பிடிப் பேசறே?"

"அழி. என் எதிருல அழி. எல்லாத்தையும்."

அவன் முகம் சுருங்க, ஒவ்வொன்றாகத் தேர்ந்து அழித்தான். அவள் பெயர் போட்ட வரிசை திரையில் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. இருமல்கூட இருந்தது, "தண்ணி குடுப்பா" என்று ஒருமுறை கேட்டதும் இருந்தது. அவளுக்குக் கூசியது. கடைசியில் திரை காலியானது.

"அவ்ளோதானா? வேற எங்கயும் இல்லியே?"

ராகேஷ் தலையைச் சொறிந்தான். "இங்க இல்லக்கா. ஆனா சாஃப்ட்வேரே தன்னால நெட்ல ஒரு காப்பி வெச்சுக்கும். புது அப்டேட்ல அப்பிடித்தான். அதை எப்பிடி எடுக்கறதுன்னு பாக்கறேன்."

அவன் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது. படி இறங்கினாள். அதன்பின் அவன் அழைத்த எந்த அழைப்பையும் அவள் எடுக்கவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் புத்த விகாரையில் தனக்கோடி பாடுகிறாள். யாராவது போனை உயர்த்தினால் வரியின் நடுவிலேயே நிறுத்திவிட்டு, அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். கை கீழே இறங்கிய பிறகுதான் அடுத்த சொல் வரும்.