அபராதத்தைக் குறைத்த ஆடுகள்

போத்தனூரில் வங்கி ஏலத்தில் வீடு எடுத்தேன். பூட்டிக் கிடந்த காலத்தில் மண்டிய புதருக்காக மாநகராட்சி போட்ட அபராதமும் என் தலையில் விழுந்தது.

புதரை அழித்தால் பாதி குறைப்பதாகச் சொன்னார் அதிகாரி. கூலி மிச்சமென்று அன்னூர் மாமாவின் ஆடுகளைக் கொண்டுவந்து உள்ளே விட்டேன்.

இன்று அதிகாரி பார்க்க வந்தார்.

"சுத்தமா இருக்குதுங்க. பாதி குறைச்சுப்போட்டேனுங்க."

கும்பிட்டேன்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. டவுனுக்குள்ள ஆடு கட்டறதுக்குத் தனி அபராதமுங்க."

குறைத்த பாதி அதற்கே சரியாகப் போயிற்று.

கேட்டைத் தாண்டியவர் திரும்பி வந்தார்.

"ஏனுங்க, அந்த ஆடுகளை நாளைக்கு நம்ம ஊட்டுக்கு ஓட்டியார முடியுமுங்களா? பின்னாடி ஒரே புதருங்க."

ஓட்டிக்கொண்டு போகத்தான் போகிறேன். அவருக்கு அபராதம் போட யாரைக் கூப்பிடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.