வெள்ளிக்கிழமைப் பிடியரிசி

முழங்கால் வலி என்று நான் படுத்துக்கொண்ட அன்றைக்கு என் கணவர் சமையலறைக்குள் போனார். தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கோப்புகளைக் கலக்கமாட்டார், அரிசியைக் கலந்துவிட்டார். டப்பாவில் புழுங்கலரிசி கொஞ்சம்தான் இருந்ததாம். பக்கத்து டப்பாவில் பொங்கலுக்கு வைத்திருந்த பச்சரிசியைப் போட்டுச் சரிக்கட்டிவிட்டார். "ரெண்டும் அரிசிதானே" என்பது அவர் கட்சி. குக்கரைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள், பாதி கோயில் மடப்பள்ளி, பாதி நெல் அவிக்கும் மில். தட்டில் விழுந்த சோற்றில் ஒரு பாதி களியாகக் குழைந்திருந்தது, மறுபாதி விறைத்துக்கொண்டு நின்றது. திட்டப்போகிறேன் என்று அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று தட்டை நீட்டினேன். மனிதர் பயந்தே போய்விட்டார்.

அந்த மாதிரிச் சோற்றை நான் முதன்முதலில் சாப்பிட்டது நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு லுத்தரன் உயர்நிலைப்பள்ளியில். எனக்கு அதுதான் முதல் வேலை. கணக்கு டீச்சர். திருப்பனந்தாள் பக்கத்து சைவக் குடும்பத்தில் பிறந்து, நெற்றி நிறைய விபூதியோடு போய் நின்றவளை அங்கே ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. காலை ஜெபத்துக்கு ஆர்மோனியம் ஒலிக்கும். கல்யாணியிலும் மோகனத்திலும் பிள்ளைகள் கீர்த்தனை பாடுவார்கள். தேவாரம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது ஒன்றும் அந்நியமாக இல்லை. ஆறு மாதத்தில் எனக்கு எல்லாம் மனப்பாடம். ஒருமுறை ஊர்க்கோயிலில் தீபாராதனை முடிந்ததும் என்னை அறியாமல் "ஆமென்" என்று சொல்லிவிட்டேன். குருக்கள் திரும்பிப் பார்த்தார். அம்மா என் தொடையில் கிள்ளியது இன்றைக்கும் வலிக்கிறது.

பள்ளிக்கூடத்தோடு ஒரு ஹாஸ்டல் இருந்தது. படிப்பு எட்டாத ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள், அப்பா இல்லாத பிள்ளைகள், அம்மா இல்லாத பிள்ளைகள். அவர்களுடைய சாப்பாடு பாதிக்குமேல் பிடியரிசியில் நடந்தது. உலையில் அரிசியைப் போடுவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு சட்டியில் போட்டு வைப்பது, அதுதான் பிடியரிசி. முதலில் சபையார் வீடுகளில் மட்டும் இருந்த பழக்கமாம். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை அனுப்பிய எல்லா வீடுகளுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வீட்டிலும் ஒரு சட்டி, ஐந்து வேளை தொழும் வீட்டிலும் ஒரு சட்டி. வெள்ளிக்கிழமை காலை ஜெபம் முடிந்ததும் வகுப்பு வகுப்பாக வந்து, மேடைக்கு முன்னால் இருக்கும் தகர டிரம்மில் கொட்டிவிட்டுப் போவார்கள். டீச்சர்களும்தான். அப்புறம் ஹாஸ்டல் வார்டன் ரூத் டீச்சர் சின்னதாக ஒரு ஜெபம் செய்வார். சில பிள்ளைகள் கைகோத்திருப்பார்கள், சிலர் கும்பிட்டிருப்பார்கள், ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகள் உள்ளங்கையை விரித்து வைத்திருப்பார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஆமென்.

டிரம்முக்குள் பக்தி இருந்தது, சரி. ஆனால் சமையலுக்கு அது உதவாதே. மிராசுதார் வீட்டுச் சீரகச் சம்பாவும், ரேஷன் கடைப் புழுங்கலும், அக்ரகாரத்துப் பச்சரிசியும் ஒன்றாகக் கலந்து கிடந்தால் எந்தச் சமையல்காரர் என்ன செய்வார்? புழுங்கலரிசி வேகிற அளவுக்குத் தீ வைத்தால் பச்சரிசி கூழாகும். பச்சரிசிக்குத் தீயைக் குறைத்தால் புழுங்கல் பல்லை உடைக்கும். மதியம் அவர்களோடு நானும் சாப்பிட்ட அந்தச் சோற்றுக்குப் பிள்ளைகள் கதம்பச் சோறு என்று பெயர் வைத்திருந்தார்கள். பிரித்து வைக்கலாமே என்று நான் அதிகப்பிரசங்கித்தனமாகச் சொன்னேன். ரூத் டீச்சர் சிரித்தார். "பிரிச்சா யாரு வீட்டு அரிசி எதுன்னு தெரிஞ்சுபோயிரும்மா. கெடக்கட்டும்."

அஞ்சலையம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருடைய மகன் குமார் என் வகுப்பில் படித்தான். நடவு, களை, அறுப்பு என்று பிறத்தியார் வயலில் வேலை செய்கிறவர். எல்லோர் வீட்டிலும் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்புவார்கள். இவர் மட்டும் வேலைக்குப் போகிற வழியில் தானே வருவார். முந்தானையில் முடிந்து வைத்த அரிசியை அவிழ்த்து டிரம்மில் கொட்டுவார், டிரம்மை ஒருமுறை எட்டிப் பார்ப்பார், போவார். ஹாஸ்டல் பையன்கள் வாய்க்காலில் கும்மாளம் போடுவதைப் பார்த்துவிட்டால் போதும். "ஏண்டா, மதகுக்கிட்ட என்னடா குதிக்கிற? எங்க வீட்டு அரிசியத் தின்னுட்டு முழுகிச் சாகவா?" என்று கரையில் நின்று சத்தம் போடுவார். அந்தப் பையன்களும் பெற்ற தாய்க்குப் பயப்படுகிற மாதிரி கரையேறுவார்கள்.

ஜமால் அண்ணன் வந்தது தை மாதத்தில். இதே ஹாஸ்டலில் படித்தவர். சின்ன வயதில் அப்பா இறந்துபோக, சீர்காழிப் பக்கத்திலிருந்து மாமா கொண்டுவந்து விட்டுப்போன பிள்ளை. சவூதிக்குப் போய் வியாபாரத்தில் நன்றாக வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, கை நிறையப் பேரீச்சம்பழம். சாப்பாட்டு நேரத்தில் ஹாஸ்டலுக்குள் போனவர் ஒரு தட்டைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். பிறகு தலைமையாசிரியர் அறைக்குப் போய், இனிமேல் மாதா மாதம் ஹாஸ்டலுக்கு வேண்டிய பொன்னி அரிசி அத்தனையும் தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். தலைமையாசிரியர் சாமுவேல் சார் நல்ல மனிதர், சந்தோஷம் வந்தால் தாங்கமாட்டார். மறுநாள் ஜெபத்திலேயே அறிவித்தார். தேவன் நம் ஜெபத்தைக் கேட்டார், இனிமேல் யாரும் பிடியரிசி கொண்டுவர வேண்டாம். ஹாஸ்டல் பிள்ளைகள் கைதட்டிய சத்தத்தில் மேடைக் கூரையில் இருந்த புறாக்கள் பறந்துவிட்டன. நானும் தட்டினேன். அந்தச் சோற்றைச் சாப்பிட்டிருந்தால் நீங்களும் தட்டியிருப்பீர்கள். ரூத் டீச்சர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை அஞ்சலையம்மா வந்தார். குமார் விஷயத்தைச் சொல்லித்தான் இருக்கிறான், அவர் நம்பவில்லை. டிரம் இருந்த இடத்தில் டிரம் இல்லை. சாமுவேல் சார் தானே வெளியே வந்து, இருக்கிற கனிவையெல்லாம் திரட்டிச் சொன்னார்.

"அம்மா, இனிமே நீங்க கஷ்டப்பட்டுக் கொண்டாரவேணாம். ஒங்க வீட்டுக்கே வெச்சுக்குங்க."

"கஷ்டம்னு நான் சொன்னனா சார்?"

"இல்லம்மா, நல்ல அரிசியா மூட்டையில வந்துருச்சு."

"எங்க அரிசி நல்ல அரிசி இல்லையா?"

 நான் ஏழாம் வகுப்பு வாசலில் சாக்பீஸோடு நின்றிருந்தேன். அஞ்சலையம்மா கத்தவில்லை. முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"களத்துல போயி கூலிக்கு ஏந்துறேன். ரேசன்ல ஏந்துறேன். புயல் வந்தா துணிக்கும் ஏந்துறேன். வாங்குறதுக்கு எனக்கு எத்தனையோ எடம் இருக்கு சார். குடுக்குறதுக்கு இது ஒண்ணுதான் இருந்திச்சு."

சொல்லிவிட்டுப் போகவும் இல்லை. வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றுகொண்டார். மதிய மணி அடிக்கும்வரை அங்கேயே நின்றார். அன்றைய வேலையும் கூலியும் போனது. ஹாஸ்டல் பிள்ளைகள் வெள்ளை வெளேரென்ற பொன்னிச் சோறு சாப்பிட அவரைத் தாண்டித்தான் போனார்கள்.  

சாயங்காலம் ரூத் டீச்சர் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஜமால் அண்ணனைப் பார்க்கப் போனார். கடைத்தெருவில் அவர் அக்கா வீட்டில் தங்கியிருந்தார். டீயும், அரிசிமாவில் சுடச்சுடப் பொரித்த வாடாவும் வந்தன. வாடாவில் வெங்காயத்தோடு இறால் இருந்தது. சைவப் பெண் நான் எச்சிலை விழுங்கிக்கொண்டு டீயை மட்டும் குடித்தேன். ரூத் டீச்சர் விஷயத்தைச் சொன்னதும் ஜமால் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"டீச்சர், அந்தச் சோத்தத் தின்னுட்டு ராத்திரி பூரா நான் வயித்தப் புடிச்சிக்கிட்டு அழுதது ஒங்களுக்குத் தெரியாதா? நீங்கதான ஓமத் தண்ணி குடுத்தீங்க? இந்தப் புள்ளைங்களுக்காவது அது வேணாம்னுதான குடுக்குறேன். இதுல என்ன கொறை கண்டீங்க?"

"கொறையே இல்லப்பா. ஒன் அரிசி வேணும். ஆனா அந்த அம்மாவோடதும் வேணும்."

"ரெண்டையும் கலந்து மறுபடியும் அதே சோறா?"

ரூத் டீச்சர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.  திரைக்குப் பின்னாலிருந்து ஜமால் அண்ணனின் அக்கா குரல் கொடுத்தார்.

"ஏன்டா, சோறாத்தான் வடிக்கணுமா? நோம்புக்குப் பள்ளிவாசல்ல ஊரு அரிசி அத்தனையும் ஒரே கொப்பரையிலதான விழுது. கஞ்சியாக் காச்சிறாங்க. ஒரு நாளாவது வயித்தவலின்னு சொல்லியிருப்பியா? தூக்குவாளியோட மொத ஆளா நிப்பியே!"

ஜமால் அண்ணன் சிரித்துவிட்டார். ரூத் டீச்சர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. இத்தனை வருஷம் கஞ்சி என்ற ஒன்று நம் யாருக்கும் தோன்றவில்லையே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அப்படி வந்ததுதான் வெள்ளிக்கிழமைக் கஞ்சி. மற்ற நாளெல்லாம் பொன்னி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் பிடியரிசியில் கஞ்சி, பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் போட்டு. அரிசி கொடுத்தவர்களும் வரலாம், வந்து பிள்ளைகளோடு பந்தியில் உட்காரலாம். சாமுவேல் சார் ஜெபம் செய்வார். தேவாலயத்தில் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைப் பிரசங்கத்தில் இது தனக்குத் தேவன் காட்டிய யோசனை என்றும் சொன்னார். கடைத்தெரு அக்காவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். அஞ்சலையம்மா வேலை முடிந்து கால் சேற்றைக் கழுவிக்கொண்டு நேராக வருவார், உட்காரமாட்டார். கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு பரிமாறுவார். லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் ஜமால் அண்ணன் அவரிடம் கிண்ணத்தை இரண்டாம் முறை நீட்டுவார்.

வருஷங்கள் ஓடிவிட்டன. ரூத் டீச்சர் ஓய்வு பெற்றுத் தரங்கம்பாடியில் தங்கை வீட்டுக்குப் போனார். சாமுவேல் சாருக்கு மாற்றலானது. கிராமத்துக்குக் கிராமம் பள்ளிக்கூடம் வந்தது, பஸ் வந்தது, பிள்ளைகளைப் பிரிந்திருக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போனது. நல்லதுதான். ஹாஸ்டலில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்து, ஒரு கோடை விடுமுறையோடு மூடிவிட்டார்கள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த முதல் வெள்ளிக்கிழமை அஞ்சலையம்மா வந்தார். நடவுக்குப் போவதையெல்லாம் அப்போது விட்டுவிட்டார். குமார் திருப்பூரில் வேலையில் இருந்தான். வராந்தாவில் நான்தான் எதிர்ப்பட்டேன். பையை நீட்டினார். கொடுங்கம்மா என்று வாங்கிக்கொண்டேன். ஹாஸ்டல் மூடியாயிற்று என்று சொல்லித் திருப்பி அனுப்ப எனக்கு வாய் வரவில்லை. அந்த அரிசியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்தேன். அடுத்த வெள்ளியும் வந்தார், வாங்கினேன். மூன்றாவது வெள்ளி அவரே கேட்டுவிட்டார்.

"கட்டிலெல்லாம் வண்டில ஏத்திக்கிட்டுப் போனாங்களே டீச்சர். அப்ப இந்த அரிசிய யாரு சாப்புடுறா?"

"நாந்தாம்மா. நானும் வீட்டுக்காரரும்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். மாதச் சம்பளம் வாங்குகிறவள், இரண்டு பேர் சம்பாத்தியம் வருகிற வீடு. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இத்தோடு நிறுத்திவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது.

"அதான் டீச்சருக்கு ஒடம்பு கொஞ்சம் தேறியிருக்கு" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பை கொஞ்சம் கனமாக இருந்தது. ஒருத்திக்குப் போடுவது போதாது, வீட்டுக்காரரும் சாப்பிடுகிறாரே என்று நினைத்திருப்பார் போல. எங்கள் வீட்டு டப்பா நிறைய அரிசி இருந்த காலம் அது. ஆனாலும் அந்த அரிசி வேகிற அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரு பருக்கைகூட வீணாக்கியதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் அஞ்சலையம்மா காலமானார். ரூத் டீச்சரும் இல்லை. ஜமால் அண்ணன் குடும்பம் சென்னைக்குப் போய்விட்டது. ஹாஸ்டல் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது என்கிறார்கள். நாங்கள் தஞ்சாவூருக்குக் குடிவந்து, ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். இப்போது எங்கள் வீட்டு உலையில் வேகிற அரிசி முழுக்க நாங்கள் காசு கொடுத்து வாங்கியதுதான், அதில் யார் கொடுத்த பிடியும் இல்லை.