அந்த நடிகனுக்கு நரைத்தபோது

அந்த நடிகனின் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. படம் தொடங்கும்போது பெயர்கள் ஓடும். வாசிக்கத் தெரிந்த நானும் வாசித்ததில்லை. அவன் அமெரிக்காக்காரன் என்பது மட்டும் தெரியும். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு எங்கள் வீட்டை அலைக்கழித்தவனைப் பற்றி எனக்கு அது போதும்.

முல்லைத்தீவுக் கரையை விட்டு ஓடிவந்து, விசுவமடுவில் ஒரு காணித் துண்டில் கொட்டில் போட்டு இருந்தோம், அம்மாவும் நானும். அப்பா முன்பே நோயில் போய்விட்டார். அண்ணன் போனது கடலில். இடம்பெயர்வதற்குச் சில வருடங்களுக்கு முன், ஒரு விடியற்காலை தொழிலுக்குப் போனவன் திரும்பவில்லை. வள்ளமும் வரவில்லை. கூடப் போனவரின் உடம்பு மட்டும் சில நாள் கழித்துக் கரையொதுங்கியது. அவரைப் புதைத்தார்கள், முப்பத்தோராம் நாள் பூசை கொடுத்தார்கள், அந்த வீட்டில் அழுது முடிந்தது. எங்கள் வீட்டில் அழத் தொடங்கவே அம்மா விடவில்லை.

“உடம்பைக் கொண்டு வந்து காட்டுங்கோ. பூசை குடுக்கிறன்” என்றார், ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம்.

எங்களைப் போன்ற கத்தோலிக்க வேதக்கார வீடுகளில் அது சின்ன விசயமில்லை. செத்தவர் பேரில் பூசை கொடுக்காவிட்டால் ஆத்துமா இளைப்பாறாமல் உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து வேகும் என்று எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்திருந்தார்கள். ஆனால் உயிரோடு இருக்கிறவன் பேரில் கொடுத்தால் அது பெற்ற தாயே பிள்ளையைக் கொன்ற மாதிரி என்று அம்மா நம்பினார். கார்த்திகை மாதம் ஆத்துமாக்களின் திருநாளில் சுவாமியார் பேர் கேட்பார். அம்மா அப்பாவின் பேரைச் சொல்லிவிட்டு வாயை இறுக்க மூடிக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணன் செத்துவிட்டான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவன் அங்கே வேக, நாங்கள் இங்கே சோறு தின்றுகொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு என்னைப் படுக்கவிடவில்லை. ஒரேயொரு பூசை, அவ்வளவுதான் நான் கேட்டது.

எங்கள் காணிக்குப் பின்னால் ஒரு மிளகாய்த் தோட்டக்காரர் இருந்தார். கலவரத்தோடு மலைநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர். அவரிடம் ஒரு ரீவியும் வீடியோ டெக்கும் பழைய ஜெனரேற்றரும் இருந்தன. மண்ணெண்ணெய் கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்து சனம் சாப்பிட்டு எழும்பிய பிறகு, யன்னல்களுக்குச் சாக்குத் தொங்கவிட்டுப் படம் போடுவார். தமிழ்ப் படங்களுக்கு இயக்கத்தின் கெடுபிடி. ஆகவே வவுனியாப் பக்கமிருந்து யாராவது கொண்டுவரும் இங்கிலீசுப் படம்தான். விளங்காதே என்று யாரும் கவலைப்படவில்லை. அவர் ரீவிக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லுவார். அவருக்கும் இங்கிலீசு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஒரு இடத்திலும் தடக்குப்படமாட்டார்.

“இந்தாளு ரொம்ப நல்லவருங்க. சேந்த எடந்தான் சரியில்ல” என்று அவர் சொன்னபோதுதான் அந்த நடிகனை முதலில் பார்த்தோம். பட்டாளத்து உடுப்போடு ஜீப்பிலிருந்து குதித்து, இடது தோளைச் சரித்தபடி நடந்து போனான். அம்மா என் கையைப் பிடித்தார்.

“நடையைப் பாரடி.”

பார்த்தேன். வலை இழுத்து இழுத்து அண்ணனுக்கும் தோள் அப்படித்தான் சரிந்திருந்தது. அதை ஒத்துக்கொள்ள மனமில்லாமல், “அண்ணை அட்டைக் கறுவல். இது உரிச்ச கோழி” என்றேன்.

“நான் விசரி இல்லை. இது ஆரோ பெத்த பிள்ளை. நடையை மட்டும்தான் சொன்னனான்” என்றார் அம்மா.

நடையோடு நிற்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா ஒரு படம் விடவில்லை. அந்த நடிகன் இல்லாத படமென்றால் பாதியில் எழும்பி வந்துவிடுவார். இருந்தால், கடைசிவரைக்கும் கண் வெட்டாமல் இருப்பார். கசெட்டுகள் ஒழுங்காக வரவில்லை. ஒரு கிழமை இளந்தாரியாக வருவான், அடுத்த கிழமை பிள்ளைகுட்டிக்காரன், அதற்கடுத்த கிழமை திரும்பவும் இளந்தாரி. அம்மா அதையெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தார். முதலில் பட்டாளம், பிறகு கள்ளக் கூட்டத்துக்குக் கார் ஓட்டினது, பிறகு பொலிஸ், பிறகு கலியாணம்.

தோட்டக்காரரும் எண்ணெய் ஊற்றுவார். “மொதல்ல இவருக்கு நாலு வசனந்தாம்மா குடுத்தாங்க. இப்ப பாருங்க, பேர எவ்வளவு பெருசா போடுறாங்கன்னு. ஆளு முன்னேறிட்டாருங்க.”

“கஸ்ரப்பட்டு வந்தவன்” என்று அம்மா பெருமைப்படுவார். வீட்டுக்கு வந்து குசினியில் அடுப்பு மூட்டும்போது, “மீசை வைச்சிருக்கிறான், கண்டனியே? எங்கட பிள்ளைக்கும் இந்த வயசில மீசை வடிவாத்தான் இருக்கும்” என்பார். செத்தவன் ஒருவனுக்கு எங்கள் வீட்டில் கிழமைக்குக் கிழமை வயது ஏறிக்கொண்டிருந்தது. அண்ணனின் உண்மையான முகம் எனக்குள் மெல்ல மெல்ல அழிந்தது. அதற்காகவே அந்த நடிகனை வெறுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் படத்தில் செத்தான். நோயில் இழுபட்டு, கட்டிலில் செத்தான். அதோடு விடாமல் பெட்டி வைத்து, சுவாமியார் வந்து, கிடங்கில் மண் போடும்வரை காட்டினார்கள். தோட்டக்காரருக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை, சும்மா நின்றார். அம்மா எழும்பி நின்றார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு பெருங்குரலெடுத்து அழுதார். அண்ணன் போன நாளிலிருந்து அடக்கி வைத்த அழுகை அது. படம் பார்க்க வந்த பெண்கள், சைவக்காரரும் வேதக்காரருமாக, அம்மாவைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. யாருக்காக அழுகிறா என்று ஒருவரும் கேட்கவுமில்லை. அந்த அறையில் இருந்த அவரவர் வீட்டிலும் உடம்பு கிடைக்காத பிள்ளை ஒன்று இருந்தது.

அடுத்த நாள் அம்மா தானாகவே சுவாமியாரிடம் போனார். கிடுகுக் கோயிலில் அண்ணனின் பேர் சொல்லிப் பூசை வைத்தார்கள். நான் முழங்காலில் நின்று மனதார அழுதேன். அன்றைக்கு அம்மாவும் நானும் பகலிலேயே பாயில் விழுந்து நித்திரை கொண்டோம். அதற்குப் பிறகு சில மாதங்கள் எங்கள் வீடு மற்ற வீடுகளைப் போல இருந்தது. அம்மா மெலிந்து போனாலும் முகம் தெளிந்திருந்தது. அண்ணனைப் பற்றி, “அவன் இருக்கேக்க” என்று, இல்லாமல் போனவனைப் பற்றிப் போலக் கதைக்கத் தொடங்கினார்.

பிறகு ஒரு நாள் தோட்டக்காரர் வேலியடியில் வந்து நின்று கூப்பிட்டார். நல்ல மனிதர். நல்லது செய்வதாக நினைத்துத்தான் கூப்பிட்டார்.

“அம்மா, ஒங்காளு வந்திருக்காரு! ரீவி நாடகத்துல! தலையெல்லாம் நரச்சுப் போச்சு, ஆனா ஆளு நல்லா இருக்காருங்க!”

அம்மாவைப் போகவேண்டாம் என்று மறித்தேன். கேட்கவில்லை. நானும் பின்னால் போனேன். நாடகத்தில் அவன் ஒரு டொக்டர். கண்ணாடி போட்டிருந்தான், நெற்றிக்கு மேலே நரை. பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அதே தோளைச் சரித்து, ஒரு நீளமான விறாந்தையில் நடந்து வந்தான். அம்மா அழவில்லை. முகத்தில் இரத்தம் வற்றிப் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் விளக்க முயன்றேன். “அம்மா, நடிகன் செத்த மாதிரி நடிச்சிட்டு, எழும்பி முகத்தைக் கழுவிப்போட்டு வீட்டை போவான். அது பொய்ச் சாவு.”

“எனக்குத் தெரியாதே? பொய்ச் சாவைப் பாத்துத்தானேயடி நான் உண்மைப் பூசை குடுத்தனான்.”

அன்று பின்னேரமே என்னையும் இழுத்துக்கொண்டு சுவாமியாரிடம் போனார். சுவாமியார் கோயில் வாசலில் கதிரை போட்டு இருந்தார்.

“சுவாமி, குடுத்த பூசையைத் திருப்பி எடுக்கேலுமோ?”

அவர் இளம் சுவாமியார். என்ன நடந்ததென்று நான் சொன்னேன். சிரிப்பாரோ என்று பயந்தேன். அவர் சிரிக்காமல் எழும்பித் தன் கதிரையில் அம்மாவை இருத்தினார்.

“பூசை வீணாப் போகாது அம்மா. அவர் உயிரோட இருந்தா, பூசை குடுக்க ஆளில்லாத வேறொரு ஆத்துமாவுக்கு அது போய்ச் சேரும்.”

“அப்ப என்ர பிள்ளைக்கு ஒண்டும் செய்யாது?”

“செய்யாது அம்மா.”

அம்மாவுக்கு உயிர் திரும்பி வந்தது. யாரோ பெற்ற பிள்ளை இளைப்பாறியிருக்கும் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் அண்ணனுக்கென்று ஒரு பங்கு எடுத்து மூடி வைத்தார்.

நான் கொதித்துப் போனேன். அந்தப் பூசை யாரோ ஒருவனுக்குப் போய்விட்டதென்றால் அண்ணன் இன்னும் வேகிறான். அவனுக்கென்று இன்னொரு பூசை கொடுக்கவேண்டும், இம்முறை அம்மாவுக்குத் தெரியாமல். அடுத்த கிழமை தனியாகக் கோயிலுக்குப் போனேன். சுவாமியார் பலிபீடத்தில் துணி விரித்துக்கொண்டிருந்தார்.

“பூசை ஒண்டு குடுக்கவேணும் சுவாமி.”

“ஆற்ற ஆத்துமாவுக்கு, பிள்ளை?”

வாயைத் திறந்தேன். அண்ணனின் பேரைச் சொல்வதற்கு முன் அவன் முகத்தை ஒருமுறை நினைக்கப் பார்த்தேன். கண்ணாடி போட்ட ஒருவன் வந்தான். நெற்றிக்கு மேலே நரைத்திருந்தது. சுகமாக இருந்தான்.

சுவாமியார் காத்துக்கொண்டு நின்றார்.

“ஒருத்தருக்கும் இல்லை சுவாமி” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.