கமலக்கண்ணன் வைத்த பாயசம்

கமலக்கண்ணனுக்குப் பொறாமை என்பதே கிடையாது என்று ஓசூர் சிப்காட்டில் அவனுடன் வேலை பார்த்தவர்கள் சத்தியம் செய்வார்கள். பக்கத்து லைன்காரனுக்குப் பிரமோஷன் வந்தால் முதல் ஆளாகப் போய்க் கை குலுக்குவான். யாராவது கார் வாங்கினால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க இவன்தான் ஓடுவான். எல்லாம் உண்மைதான். அவனுக்கு வேண்டியது அவர்கள் யாரிடமும் இல்லை, அதனால் பொறாமைப்படும் அவசியமும் வரவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அது அவன் பெண்டாட்டியின் கைக்குப் போய்விடும்போல் இருந்தபோதுதான் அய்யாவின் சாயம் வெளுத்தது.

ஆள் விருதுநகர்ப் பக்கம். இன்ஜினியரிங் முடித்த கையோடு ஓசூருக்கு வந்து, பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சேர்ந்து, ஷிப்ட் இன்சார்ஜ் வரை ஏறி, அங்கேயே நின்றுவிட்டான். ஒரு வருடம் கம்பெனி நஷ்டத்தில் தள்ளாடியபோது பெங்களூரிலிருந்து ஆலோசகர்கள் வந்து இறங்கினார்கள். மற்ற கம்பெனிகளின் நிர்வாகத்துக்கு யோசனை சொல்வதுதான் அவர்கள் பிழைப்பு. அதில் ஒருவன், மீசைகூட ஒழுங்காக முளைக்காதவன், ஜெனரல் மேனேஜரைப் பார்த்து "ஏன் சார் அப்படிச் செய்றீங்க?" என்று கேட்டான். ஊரையே அதட்டும் அந்த மனுஷன் தண்ணீர் குடித்துவிட்டுப் பதில் தேடினார். கமலக்கண்ணனுக்கு அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். சேர்ந்தால் இந்த வேலையில்தான் சேர வேண்டும், இப்படி ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காலாட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

அந்த மாதிரிக் கம்பெனிக்காரர்கள் பெயர் பெற்ற கல்லூரிகளுக்கு நேராகப் போய்ப் பிள்ளைகளைப் பொறுக்கிக்கொள்வார்கள். வேறு தொழிலில் வருடக்கணக்காகக் குப்பை கொட்டியவர்களுக்கு வாசல் கொஞ்சம் குறுகல். உள்ளே இருக்கும் யாராவது சிபாரிசு செய்ய வேண்டும். அதன் பிறகு கேஸ் இன்டர்வியூ என்று ஒன்று. ஒரு பிஸ்கட் கம்பெனிக்கு விற்பனை ஏறுகிறது, லாபம் இறங்குகிறது, காரணம் என்ன என்று கதை மாதிரிச் சொல்லி, சிக்கலை எங்கள் கண் முன்னாலேயே பிரித்துக் காட்டு என்பார்கள். கமலக்கண்ணன் அதற்கென்று புத்தகங்கள் வாங்கினான். தபாலில் எம்.பி.ஏ. முடித்தான். ஷிப்ட் விட்டு வந்ததும் வீட்டு ஹாலிலேயே இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்துகொள்வான். எதிரே கேள்வி கேட்க சுப்ரியா.

சுப்ரியா நாகரசம்பட்டிக்காரி. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கொள்முதல் பிரிவில் வேலை. இருவருக்கும் பஸ் தவறிய ஒரு நாளில் பழக்கமாகி, வீட்டில் முறுக்கிக்கொண்டு, பிறகு சமாதானமாகி நடந்த கல்யாணம். ஆலோசகர் வேலையில் அவளுக்குத் துளி ஆசை கிடையாது. பூண்டு உரித்துக்கொண்டே புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பாள். அவன் பதில் சொன்னதும், "சரிங்க, அதுக்கு என்ன ஆதாரம்?" என்பாள். அதுவும் புத்தகத்தில் போட்டிருந்ததுதான். இரண்டு வருடம் இப்படிப் போனது. புத்தகத்தில் இல்லாத கேள்விகளும் அவளுக்குத் தானாக வர ஆரம்பித்துவிட்டன. அதை அவன் கவனிக்கவில்லை, அவளும்தான்.

ஒருவழியாகப் பெங்களூர் ஆலோசகர் கம்பெனி ஒன்றில் இன்டர்வியூ வந்தது. இரண்டாவது சுற்றிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதில்களெல்லாம் மனப்பாடம் செய்ததுபோல் இருக்கிறதாம். பழைய சகா சுரேந்தர் அந்தக் கம்பெனிக்குள் எப்படியோ நுழைந்திருந்தான், சிபாரிசும் அவன்தான். ஆறுதல் சொல்லக் கூப்பிட்டவன் வாய் சும்மா இராமல், "உணவுத் தொழிற்சாலையில அனுபவம் உள்ளவங்க யாராவது இருந்தா சொல்லு மாப்ள, இங்க தேடிக்கிட்டு இருக்காங்க" என்றான். கமலக்கண்ணன் அந்த நிமிடமே சுப்ரியாவின் பெயரைக் கொடுத்தான். பெரிய மனசு என்று நினைத்துவிட வேண்டாம். தனக்கே கிடைக்காதது அவளுக்கு எங்கே கிடைக்கப் போகிறது என்ற தைரியம். அவளும் தோற்றுவிட்டு வந்தால் வீட்டில் இரண்டு பேராகத் தோற்ற மாதிரி இருக்கும், அதில் ஒரு சுகம்.

அவள் முதல் சுற்றில் தேறினாள். "பரவால்லையே" என்று சிரித்தான். இரண்டாவது சுற்றிலும் தேறினாள். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு அதிகம் என்று சண்டை பிடித்தான், உப்பு சரியாகத்தான் இருந்தது.

"என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்ன?" என்று துருவித் துருவி விசாரித்தான்.

"ஒன்னும் பெருசா சொல்லலீங்க. அவங்க கேட்டதுக்கு நானும் நாலு கேள்வி திருப்பிக் கேட்டேன். உங்களைக் கேட்டுக் கேட்டுப் பழகிடுச்சில்ல" என்றாள் அவள், வெள்ளந்தியாக.

அவனுக்கு வயிறு பற்றி எரிந்தது. புத்தகம் அவனுடையது, ஆசை அவனுடையது, தூக்கம் கெட்டது அவனுக்கு. பூண்டு உரித்தவளுக்குப் பலன்! கடைசிச் சுற்றுக்கு அவள் பெங்களூருக்குப் பஸ் ஏறிய காலையில் வாசல் வரை வந்து வழியனுப்பினான், "நல்லா பண்ணு" என்றும் சொன்னான். உள்ளே மட்டும், ஓசூரை ஒட்டிய சானமாவுக் காட்டு யானைகள் ஒரு நாளைக்காவது வழி தவறி, பெங்களூர் போகும் வழியில் அத்திப்பள்ளிப் பக்கம் வந்து ரோட்டை மறிக்கக் கூடாதா என்று இருந்தது. யானைகள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. போனவள் நேரத்துக்குப் போய், நேரத்துக்குத் திரும்பினாள். முடிவைப் பிறகு சொல்வார்களாம். அதன் பின் அவள் போன் அடிக்கும்போதெல்லாம் அவனுக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சுப்ரியா உழவர் சந்தைக்குப் போயிருந்தாள், போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. அடித்தது. பெயர் வரவில்லை, வெறும் நம்பர். எடுத்தான். ஒரே வண்டி இரைச்சல். கன்னட வாடையடிக்கும் தமிழில் ஓர் ஆண் குரல்.

"சார்ங்களா? மேடம் இல்லீங்களா? பெங்களூரா வேணாம்னுட்டாங்க சார். மேடத்துகிட்ட சொல்லிடுங்க." போன் வைக்கப்பட்டுவிட்டது.

பேசியது மாதப்பன், மாங்கூழ் ஆலையில் லோடு இறக்குமிடத்து மேஸ்திரி. அந்த வட்டாரத்தில் பெங்களூரா என்பது ஊரல்ல, மாங்காய். கமலக்கண்ணன் ஊரில் கிளிமூக்கு என்பார்களே, அதே காய்தான். காய் மலைபோல் குவிந்துவிட்டதால் இன்றைக்குப் பெங்களூரா லோடு வேண்டாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதைக் கொள்முதல் மேடத்துக்குச் சொல்ல, பக்கத்திலிருந்த லாரி டிரைவரின் போனை வாங்கிப் பேசினார் மாதப்பன். வீட்டில் சீசன் முழுக்க அடிபடும் வார்த்தை அது, கமலக்கண்ணனுக்குத் தெரியாததல்ல. ஆனால் அவன் காது வேறு ஒன்றுக்காகக் காத்திருந்தது. பெங்களூர்க்காரர்கள் அவளை வேண்டாம் என்றுவிட்டார்கள்! ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த ஆபீஸ்காரன் வண்டிச் சத்தத்துக்கு நடுவில் நின்று இதைச் சொல்வான் என்று யோசிக்க வேண்டாமா? அவன் யோசிக்கவில்லை. யோசித்தால் சந்தோஷம் கெட்டுவிடும்.

அவன் கால் தரையில் பாவவில்லை. இரண்டு மாதமாக வற்றிக் கிடந்த பாசமெல்லாம் பெண்டாட்டி மேல் பொங்கியது. பாவம் சுப்ரியா, அலைந்து திரிந்து ஏமாந்துவிட்டாள், தான் இல்லாமல் அவளுக்கு யார் இருக்கிறார்கள்! சமையலறைக்குள் புகுந்து சோறு வடித்தான், கத்தரிக்காய் வதக்கினான், அப்பளம் பொரித்தான். அதுவும் போதாமல் நெய்யில் முந்திரி வறுத்துச் சேமியா பாயசம் வைத்தான். வைக்கும்போது பாட்டு வேறு.

சந்தையிலிருந்து வந்தவள் வாசனையைப் பிடித்து வாசலிலேயே நின்றாள். "என்னாங்க இது, இன்னைக்கு என்ன விசேசம்?"

"ஒன்னுமில்ல. நீ கை கழுவிட்டு வா."

இலை போட்டுப் பரிமாறினான். அவள் பாயசத்தை ஒரு வாய் குடிக்கும் வரை பொறுத்துக்கொண்டு, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டு, அவள் தோளில் கை போட்டான்.

"சுப்ரியா, மனசத் தளர விடாத. போன் வந்துச்சு. பெங்களூரா வேணாம்னுட்டாங்களாம். போட்டும் விடு. அந்த வேலையெல்லாம் நம்மள மாதிரி ஆளுகளுக்கு ஒத்து வராது. உனக்கு நான் இருக்கேன்ல."

அவள் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. "யார் பேசுனா?"

"யாரோ ஆளு. கன்னடம் கலந்து பேசுனான்."

அவள் அவனையே பார்த்தாள். அழுகையோ கோபமோ எதுவும் இல்லை.

"எப்ப வந்துச்சு போனு?"

"நீ சந்தைக்குப் போன கொஞ்ச நேரத்துல."

"அதுக்கப்புறந்தான் பாயசம் வெச்சீங்களா?"

கமலக்கண்ணனின் கை அவள் தோளிலிருந்து தானாக இறங்கியது. துக்கத்துக்கு யாராவது முந்திரி வறுப்பார்களா என்பது அந்த மக்குக்கு அப்போதுதான் உறைத்தது.

"அது மாதப்பன்ங்க" என்றாள் சுப்ரியா. "பெங்களூரா லோடு வேணாம்னு சொல்லியிருப்பாரு. அந்த கம்பெனியில செவ்வாக்கெழமையே கூப்பிட்டு, எடுத்துக்கிட்டோம்னு சொல்லிட்டாங்க. நாளைக்குள்ள பதில் சொல்லணும்."

"எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே?"

"வேணாம்னு சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நீங்க இத்தினி வருசமா ஏங்குன வேலை. அதுல நான் போயி உக்காந்தா உங்க மனசு தாங்காதுன்னு நெனச்சேன். அதான் உங்க காதுக்கே வராம முடிச்சிடலாம்னு." டம்ளரைக் கையிலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். "எனக்குக் கெடைக்கலன்னா நீங்களும் வருத்தப்படுவீங்கன்னு நெனச்சேங்க."

நியாயமாக அவன் வெட்கப்பட்டிருக்க வேண்டும். பிறகு பட்டான், நிறையவே பட்டான். ஆனால் அந்த நொடியில் முதலில் வந்தது அதுவல்ல. கிடைத்தேவிட்டதா என்று மறுபடியும் வயிறு எரிந்தது, முன்னைவிட அதிகமாக. அது அவன் முகத்தில் அப்படியே எழுதி ஒட்டியிருந்தது. அவளும் படித்துவிட்டாள்.

"காலையில கூப்பிட்டு, வர்றேன்னு சொல்லப் போறேன்" என்றாள்.

அவன் தலையாட்டினான். வேறு என்ன செய்ய?

சுப்ரியா டம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டு அவன் முன்னால் நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. எனக்கு வேலை கெடைச்சதுக்கு."

கமலக்கண்ணன் ஊற்றினான்.