சம்பந்தி வீட்டில் நெற்றி காட்டினோம்

எனக்கு எழுத்து சரியாக வராது. பினாங்கில் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோச்சு. ஞாபகமும் முன்னே மாதிரி இல்லை, ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றைச் சொல்லிவிடுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த நாளை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அதனால் எழுதியே தீர்ப்பது என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் மகனுக்குப் பெண் பேசப் போனோம். நாங்கள் இப்போது வெளிநாட்டில், ஹென்டர்சனில் இருக்கிறோம், பெண் வீடு அதே நகரத்தில் ஒனிஹங்காவில். யாழ்ப்பாணத்துக்காரர்கள். பிள்ளைகள் இரண்டும் மனுகாவில் ஒரே ஆபீஸ், தாங்களே பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள். என் மகன் நாற்பதைத் தொடப்போகிறான். தட்டு மாற்றிவிட்டால் போதும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. பெண்ணின் அப்பாவுக்குத்தான் மனசு முழுசாக இல்லை. மலேசியாக்காரர், ஆர் எவர் எண்டு தெரியாதே என்று மகளிடம் சொன்னாராம்.

என் வீட்டுக்காரர் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. தட்டை வாங்குவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் மூத்தவர் எழுந்து, நெற்றித் திருநீற்றைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, வெறும் நெற்றியைக் காட்ட வேண்டும். என்னைக் கேட்டு வந்தபோது என் மாமனார் காட்டினார். இப்போது அவரும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. மூத்தவள் நான்தான். நாலு பேர் முன்னால் தண்ணீர் கேட்கவே கூச்சப்படுகிறவள்.

காரிலேயே மகன் ஆரம்பித்தான். “அம்மா, இன்னிக்கு அதை விட்டுடும்மா. அந்த அங்கிள் திருநீறு பூசாம கோப்பிகூட குடிக்க மாட்டாரு.”

“விட்டா உங்கப்பா என் கனவுல வந்து நிப்பாரு.”

“வந்தா நான் பேசிக்கிறேன்.”

“அவரு இருந்தப்பவே நீ பேசினதில்ல.”

வடை, தேத்தண்ணி எல்லாம் ஆச்சு. “நல்ல நேரம் முடியப்போகுது, தட்டை எடுப்பம்” என்று பெண்ணின் அப்பா எழுந்தார். நானும் எழுந்தேன். கூச்சம் வந்தால் எனக்குச் சிரிப்பு வரும், அன்றைக்குப் பார்த்து அடக்கவே முடியவில்லை. சிரித்துக்கொண்டே முந்தானையால் நெற்றியை அழுத்தித் துடைத்தேன்.

“ஐயோ, நல்ல காரியத்தில திருநீறை அழிக்கிறியளே!” என்று பெண்ணின் அம்மா வாயைப் பொத்தினார்.

அப்பா நீட்டின தட்டைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “என்னம்மா இது?”

என் மகன் தரையைப் பார்த்தான். இனி மறைத்துப் புண்ணியமில்லை.

“எங்க வீட்டுக்காரரோட பாட்டனுக்குப் பாட்டன் கைதிங்க” என்றேன்.

அவரை வெள்ளைக்காரன் திருட்டுக் குற்றத்துக்குத் தீவாந்தரம் என்று நாடு கடத்தி, கப்பலில் ஏற்றிப் பினாங்குக்கு அனுப்பினான். செய்த குற்றத்தை நெற்றியிலேயே பச்சை குத்திவிட்டான். காலில் இரும்பு வளையத்தோடு கல் உடைத்தார், ரோடு போட்டார். ஒழுங்காக இருந்தார் என்று வளையத்தைக் கழற்றி, மற்றக் கைதிகளுக்கே காவலாக வைத்தார்களாம். கடைசியில் வெளியே விட்டதும் மாடு வாங்கிப் பால் விற்றார். பெண் கேட்கப் போனபோது தலைப்பாகையைப் புருவம்வரைக்கும் இறக்கி, மிச்சத்துக்குத் திருநீற்றை அப்பிக்கொண்டு போனார். தட்டு கைக்கு வருகிற நேரத்தில் மனசு கேட்கவில்லை. தலைப்பாகையை அவிழ்த்து, எல்லாவற்றையும் துடைத்துக் காட்டிவிட்டார். பெண்ணின் தகப்பன் எழுந்துவிட்டானாம். கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் சொன்னதாம்: “எனக்கு என்ன படிக்கவா தெரியும்? அதுல எது எழுதியிருந்தா எனக்கென்ன?”

இதைச் சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெண்ணின் அப்பா மட்டும் தட்டை விடவில்லை.

“என்ன களவு?” என்றார்.

“மாடுன்னு மாமனார் சொல்லுவாருங்க. மாமியார் ஆடுன்னு சொல்லுவாங்க.”

“பிறகும் களவெடுத்தவரோ?”

“இல்லீங்க. பால்ல தண்ணி மட்டும் ஊத்துவாராம்.”

பெண்தான் முதலில் வெடித்துச் சிரித்தது. அப்புறம் அதன் அம்மா. “இஞ்சேருங்கோ, உங்கட நெத்தியையும் ஒருக்காக் காட்டுங்கோ. தலைமயிர் கொட்டினதில அது எங்க முடியுது எண்டு எனக்கே தெரியாது.”

“நீ சும்மா இரப்பா” என்றார் அவர். ஆனால் வாயோரம் இழுத்துக்கொண்டு போனது. தட்டை மகளிடம் கொடுத்தார். சால்வையை எடுத்து நெற்றித் திருநீற்றுப் பட்டை மூன்றையும் துடைத்தார். என் முன்னால் வந்து குனிந்து, வழுக்கை பளபளக்க, “வடிவாப் பாருங்கோ. ஒண்டும் எழுதேல்லை” என்றார்.

நான் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தேன். மகன் தூக்கி நிறுத்தின பிறகுதான் தட்டு வாங்கினேன், அப்போதும் ஒரு ஆப்பிள் உருண்டு ஓடியது.

இப்போது அவர்கள் சொந்தக்காரர்கள் எல்லாம் போன் போட்டு அந்தக் கைதியின் கதையைக் கேட்கிறார்கள். நான் காதில் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறேன். கப்பல் எந்தத் துறையிலிருந்து புறப்பட்டது, வளையம் ஒரு காலிலா இரண்டிலுமா, நெற்றியில் குத்தினது தமிழ் எழுத்தா வேறா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தக் காலத்து விஷயம் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்து, தப்பு இருந்தால் திருத்திக் கொடுங்கள்.