கெட்டிலுக்கு மேலே ஒட்டிய பட்டியல்

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் குழாய்ச் சாமான் விற்கும் ஒரு கடையில் ஷானன் கிளெக் ஆறு வருஷமாகக் கவுண்டரில் நின்றாள். கூட இருந்த ஆண்கள் மூன்று பேர்: முதலாளி ட்ரெவர், கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் நைஜல், வேன் ஓட்டும் பாரி. மூவருக்கும் டீ போடுவது அவள்தான். அந்த வேலையை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. ஆனால் கெட்டிலை நோக்கி எழுந்தவர் "யாருக்கெல்லாம் வேணும்?" என்று கேட்காமல் தனக்கு மட்டும் போட்டுக்கொண்டால், அந்த ஊரில் அது கொலைக்கு ஒரு படிதான் கீழே. ஷானன் எப்போதும் முதலில் எழுந்துவிடுவாள், அவ்வளவுதான். யாருக்கு எத்தனை கரண்டி சர்க்கரை, எவ்வளவு பால் என்று எழுதி, கெட்டிலுக்கு மேலே அலமாரிக் கதவில் ஒட்டியும் வைத்திருந்தாள்.

வயது இருபத்தெட்டு. ஐந்து தோழிகளின் கல்யாணத்தில் மணப்பெண்ணின் பின்னால் பூங்கொத்தோடு நடந்தாயிற்று. அவள் அம்மா லொரெய்னுக்குக் கோடை வந்தால் டிவியில் 'வெயில் ஜோடி' நிகழ்ச்சி பார்க்காமல் சோறு இறங்காது. ஸ்பெயின் பக்கத்துத் தீவில் ஒரு பங்களா, நீச்சல் குளம், கல்யாணமாகாத பத்துப் பன்னிரண்டு பேர். சில நாளைக்கு ஒருமுறை ஒரு தரப்பு மறு தரப்பில் ஜோடியைத் தேர்ந்தெடுக்கும். மிஞ்சியவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். லொரெய்ன் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவள் பேரில் விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

"என்னம்மா இது? நீச்சலுடையில என்னை இந்த நாடே பாக்கணுமா?"

"நாடே பாத்தாத்தாண்டி ஒருத்தனாச்சும் கண்ணைத் தொறப்பான். இங்க உன்னைப் பாக்க வர்றவன் எல்லாம் வாஷர்தான கேக்குறான்."

அது உண்மைதான். வெளியே சொல்லிக்கொள்ளாத ஆசை ஒன்று அவளுக்கு இருந்தது. என்றைக்காவது, யாருக்காவது, தன் நினைப்பு முதலில் வர வேண்டும். அதற்காகத்தான் போனாள்.

பங்களாவில் மற்ற பெண்கள் காலையில் எழுந்து போலி இமைமுடி ஒட்டிக்கொள்வார்கள். ஷானன் கெட்டிலைத் தேடினாள். இரண்டாம் நாளே அலமாரிக் கதவில் பதினொரு பேரின் பட்டியல் ஏறிவிட்டது. டீ அமோகமாக ஓடியது, காதல்தான் ஓடவில்லை. முதல் நான்கு தேர்விலும் கடைசி ஆளாக, "நீ நல்ல பொண்ணு" என்று சொல்லி யாரோ இரக்கப்பட்டு அவளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஐந்தாவது தேர்வில் டொமினிக் அவளை முதலிலேயே அழைத்தான். எசெக்ஸ்காரன், உடற்பயிற்சி சொல்லித்தருகிறவன். விளக்கை அணைத்தாலும் அவன் பல் தெரியும். "உன்கூட இருக்கும்போதுதான் நான் நானா இருக்கேன்" என்றான். அந்த வசனத்தை வருஷா வருஷம் எவனாவது ஒருவன் அங்கே சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் உருகினாள். பார்ன்ஸ்லியில் லொரெய்ன், மகள் கல்யாணத்தில் பெண்ணின் அம்மா போட்டுக்கொள்ளும் தொப்பி பார்க்கக் கடைக்குப் போய்விட்டாள்.

அடுத்த முறை தேர்ந்தெடுக்கும் உரிமை பெண்களுக்கு வந்தது. அன்று காலை ஷானனுக்குத் தொண்டை கட்டி, உடம்பு அனலாகக் கொதித்தது. டொமினிக் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஐயோ பாவம், படுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனான். கெட்டில் இரைவது கேட்டது. ஷானன் எழுந்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, தலையைக்கூடக் கோதிக்கொண்டாள். கெட்டில் நின்றது. கரண்டி கப்பில் பட்டது. பிறகு காலடிச் சத்தம் குளத்துப் பக்கம் போய்விட்டது.

ஜன்னல் வழியே பார்த்தாள். அவன் சாய்வு நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். கையில் ஒரே ஒரு கப்.

அந்தக் காட்சியை மறுநாள் போனில் பார்த்த பாரி, வேனை ஓரங்கட்டி நிறுத்திவிட்டான். நாடு முழுக்க அதே பேச்சு. ஒருத்தியை ஏமாற்றியிருந்தால்கூட மன்னித்திருப்பார்கள்.

பங்களாவில் அந்தக் காய்ச்சல் நாள் மாலையே எல்லோரும் வரிசையில் நின்றார்கள். நிகழ்ச்சி நடத்தும் பெண், "ஷானன், பேரைச் சொல்லு" என்றாள். டொமினிக் வாயெல்லாம் பல்லாக அரை அடி முன்னால் வந்தாயிற்று.

"டோம், நான் டீ எப்படிக் குடிப்பேன்?" என்று கேட்டாள்.

அவன் மற்றவர்களைப் பார்த்தான். "சூடா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "நான் வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

"என்னது? ஒரு டீக்காகவா?"

"இருபத்தாறு நாள் டீ, டோம். உனக்கு ஒன்றரைச் சர்க்கரை."

டொமினிக் வேறொருத்தியோடு இரண்டாம் இடம் வாங்கி, இப்போது பற்பசை விளம்பரத்தில் சிரிக்கிறான். ஷானன் ஒரு திங்கட்கிழமை கடைக்குத் திரும்பினாள்.

கவுண்டரில் மூன்று கப் டீ இருந்தது. ஒன்று பாலாக வெளுத்திருந்தது, ஒன்று கறுப்பு, ஒன்றில் கரண்டி நட்டால் நிற்கும் அளவுக்குச் சர்க்கரை. பின்னால் மூன்று ஆண்களும் தப்புச் செய்துவிட்டு மாட்டிக்கொண்ட பள்ளிப் பிள்ளைகளாக நின்றார்கள்.

"அந்தப் பயலை ஒரு வாரமா வாய்க்கு வந்தபடி திட்டித் தீத்தோம் கண்ணு" என்றார் ட்ரெவர். "அப்புறம் நைஜல் கேட்டான், ஷானன் வந்தா அவளுக்கு எப்படிப் போடணும்னு. ஒருத்தனுக்கும் தெரியல. சரி, பட்டியலைப் பாப்போம்னு பாத்தோம். அதுலயும் நீ இல்ல. அதான் ஆளுக்கொண்ணு உனக்குப் போட்டு வெச்சோம்."

கழுநீரைக் கொடுத்தாலும் 'அருமை' என்று குடிக்கிற ஊர் அது. அந்த வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. மூன்று கப்பிலும் ஒவ்வொரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"மூணும் கேவலம்" என்றாள். "எனக்குச் சர்க்கரை வேண்டாம். பால் கொஞ்சூண்டு. டீப் பையை மூணு நிமிஷம் ஊற விடணும்."

ட்ரெவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பட்டியலில் தன் பெயருக்கு மேலே எழுதினார். "கொஞ்சூண்டுன்னா எவ்வளவு கண்ணு?" என்று கேட்டும் எழுதிக்கொண்டார். அதற்குள் நைஜல் தண்ணீர் பிடித்துவிட்டான்.

கெட்டில் கொதிக்கிற நேரத்தில் ஷானன் அந்தக் கடையில் முதல் முறையாக உட்கார்ந்திருந்தாள்.