கன்னத்தில் ஒரு பச்சைப் புள்ளி

கிளினிக்கில் கொடுத்த சுகாதாரப் புத்தகத்தில் ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. மகளுக்கு அப்போது பதின்மூன்று மாதம். எடை சரி, உயரம் சரி, ஊசி எல்லாம் போட்டாகிவிட்டது. "விரலால எதையாச்சும் காட்டுதா பிள்ளை?" என்று நர்ஸ் மிஸ்ஸி கேட்டபோது பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்ல மிஸ்ஸி" என்றேன்.

"பரவால்ல லா. சில பிள்ளைங்க லேட்டாத்தான் செய்யும். அடுத்த மாசம் வாங்க, பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த எண்ணை அழைத்தார். அந்த அரை நிமிடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு மாதம் வைத்திருந்தேன்.

கடலைப் பார்த்த எங்கள் ஒன்பதாவது மாடி வீட்டில் நான் சுற்றுலா வழிகாட்டியாகிப் போனேன். "அதோ பாரு, ஃபெரி! அதோ, பல்லி! அதோ, அப்பாவோட செருப்பு!" நான் விரலை நீட்டுவேன். அவள் ஃபெரியைப் பார்க்க மாட்டாள். என் விரல் நுனியை உற்றுப் பார்ப்பாள், பிறகு அதைப் பிடித்துக் கடிப்பாள். விரல் காட்டாத பிள்ளைகளுக்குப் பேச்சும் வளர்ச்சியும் தாமதமாகலாம் என்று போனில் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கப் பயம்தான் கூடியது. கடைசியில் கணவர் போனைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்துவிட்டார்.

பிறகு ஒரு நாள் ஆசிலோஸ்கோப் ஒன்றைக் கொண்டுவந்ததும் அவர்தான். புக்கிட் தெங்காவில் அவர் வேலை செய்யும் தொழிற்சாலையில் பழைய கருவிகளைக் கழித்தபோது கேட்டு வாங்கி, காரின் பின்சீட்டில் குழந்தை இருக்கைக்குப் பக்கத்தில் பெல்ட் போட்டு உட்கார வைத்து, கடல் பாலம் கடந்து கொண்டுவந்தார். பிரசவத்துக்கு முன்னால் நானும் ஒரு தொழிற்சாலையின் டெஸ்டிங் பிரிவில் இதே மாதிரிக் கருவியின் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"உனக்குத்தான். கை சும்மா இருந்தா உனக்கு மண்டை ஓடிக்கிட்டே இருக்கும்" என்றார்.

மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் அலையாகக் காட்டும் கருவி அது. ஆனால் அந்த அலை, ஒரே ஒரு பச்சைப் புள்ளி ஓடிய தடம்தான். ஒரு ஒயர் அந்தப் புள்ளியை இடம் வலமாகவும் இன்னொரு ஒயர் மேலும் கீழுமாகவும் நகர்த்தும்படி இணைத்துவிட்டால், அதைக் கொண்டு படமே வரையலாம். வேகமாகத் திரும்பத் திரும்ப வரைந்தால் படம் நிற்பதுபோலத் தெரியும். புள்ளி எங்கெங்கே போக வேண்டும் என்ற பட்டியலைக் கணினியில் எழுதி, தீப்பெட்டி அளவு மின்பலகை ஒன்றில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மகள் மதியம் தூங்கும்போது அவள் முகத்தையே வரைய ஆரம்பித்தேன். இந்த நேரத்தில் அவளுக்குப் படம் பார்க்கும் அட்டைகள் வெட்டியிருக்கலாமே என்று மனம் உறுத்தியபடியே இருந்தது. முதல் நாள் திரையில் தலைகீழாக வந்தாள். இரண்டாம் நாள் ஒயர்களை மாற்றிச் சொருகினேன், பக்கவாட்டில் படுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் நிமிர்ந்தாள். இரண்டு குடுமி, உப்பிய கன்னம், பல் தெரியாத சிரிப்பு. தூங்குகிறவளை எழுப்பாமல், சத்தமில்லாமல் குதித்தேன்.

இடது கன்னத்தில் ஒரு புள்ளி மட்டும் கொழுத்துப்போய்ப் பளபளவென்று எரிந்தது. பட்டியலில் கடைசி இடம் அந்தக் கன்னம். ஒரு முறை வரைந்து முடித்து மறுபடி தொடங்குவதற்குள் பலகை கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. அதுவரை புள்ளி அங்கேயே நிற்கிறது. புள்ளியை ஓரிடத்தில் நிற்க விடாதே, திரை வெந்துபோகும் என்பதுதான் டெஸ்டிங் பிரிவில் எனக்கு முதல் நாள் சொன்ன பாடம்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த கணவர் சிரித்துவிட்டார். "அலாமாக்! மெஷின்லயும் திருஷ்டிப் பொட்டு வெச்சிட்டியா?"

"அது ஃபால்ட்டுங்க."

"ஃபால்ட்டா? காலையில நீ வெக்கிற அதே எடம் லா."

வாஸ்தவம்தான். தினமும் குளிப்பாட்டியதும் இடது கன்னத்தில் மைப்பொட்டு வைப்பேன். சுங்கை பாக்காப்பில் இருக்கும் அவருடைய அக்கா வீடியோ காலில் முதலில் தேடுவதே அதைத்தான். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள் இதையெல்லாம் நம்பலாமா என்று யோசிப்பேன். யோசித்துக்கொண்டே வைத்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வழி கிடைத்தது. பட்டியலின் கடைசி இடத்தைத் திரைக்கு வெளியே தள்ளிவிட்டால் போதும். மாற்றி எழுதிவிட்டேன், பலகையில் ஏற்றுவதுதான் பாக்கி. அதற்குள் மகள் எழுந்துவிட்டாள். அவளைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, பொட்டு வைத்து, இடுப்பில் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்தேன். திரையில் பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது.

இடுப்பிலிருந்தவள் நிமிர்ந்தாள். கை நீண்டது. நான்கு விரல்கள் மடங்கி, ஒரு விரல் மட்டும். கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி நின்று, அந்தப் பச்சைப் புள்ளியைக் காட்டியது. பிறகு, நான் பார்த்தேனா என்று திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "த்தா!" என்றாள். அதே விரலைத் தன் கன்னத்தில் வைத்து, காயாத மையைக் காது வரைக்கும் இழுத்தாள்.

"என்னங்க! ஓடி வாங்க!"

வாய் நிறையப் பேஸ்ட் நுரையோடு ஓடி வந்தார்.

"காட்டுறா பாருங்க இவ! இல்ல, தொடத்தான் கை நீட்டினாளோ? எட்டலையோ?"

மகள் கறுத்த விரலைத் திரைப் பக்கம் மறுபடி நீட்டினாள்.

"ஓட்டுப் போட்டுட்டு வந்த மாதிரி மை விரலைத் தூக்கிக் காட்டுறா. உனக்கு இன்னும் என்ன சாட்சி வேணும்?" என்றார். நுரை என் தோளில் விழுந்தது.

அன்றைய வீடியோ காலில் அவர் அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. "பொட்டு ஏன் இப்படி அழிஞ்சு கெடக்கு?"

"அவளே அழிச்சிட்டா அண்ணி!" என்று நான் அழுதபடி சிரித்ததைப் பார்த்து, "தம்பி, உன் பொண்டாட்டிக்கு என்னடா ஆச்சு?" என்றார்.

அடுத்த மாதம் கிளினிக்குக்கு, போனில் எடுத்த வீடியோவும் சொல்ல வேண்டிய வாக்கியங்களுமாகத் தயாராகப் போனேன். மிஸ்ஸி புத்தகத்தைத் திறக்கும்போதே மகள் மேலே சுற்றும் ஃபேனைக் காட்டி "த்தா!" என்றாள். மிஸ்ஸி கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, "பல்லு எத்தனை?" என்றார்.

"வீடியோ காட்டட்டுமா மிஸ்ஸி?"

"எதுக்கு?"

காட்டிவிட்டுத்தான் வந்தேன்.

மாற்றி எழுதிய பட்டியல் இன்னும் கணினியிலேயே இருக்கிறது. சாயங்காலம் கொஞ்ச நேரம் பழைய படத்தை ஓட விடுகிறோம். அவள் கன்னத்தைக் காட்டுவாள், நாங்கள் கைதட்டுவோம். வெளிச்சத்தைக் குறைத்துத்தான் வைக்கிறேன். ஆனாலும் போன வாரம் தூசு துடைக்கும்போது பார்த்தேன்: அணைத்து வைத்த திரையில், அந்த இடத்தில் மங்கலாக ஒரு பழுப்புப் புள்ளி. திரை வெந்துவிட்டது. தொழிற்சாலையாக இருந்தால் என்னைக் கூப்பிட்டு விசாரித்திருப்பார்கள். துணியைக் கீழே வைத்துவிட்டு மகளைத் தூக்கி வந்தேன். விளக்கில்லாத திரையிலும் அவள் விரல் சரியாக அங்கேதான் போயிற்று.